கைமேல் உட்கார்ந்து வாங்கிய பட்டம்

என் வீட்டுக்காரி தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்து பட்டம் வாங்கியவள். கேலி என்று நினைத்துவிட வேண்டாம். அவளைக் கேலி செய்வது எனக்குப் பிடித்த வேலைதான், கல்யாணமான நாளிலிருந்து சம்பளமில்லாமல் செய்துவருகிறேன். ஆனால் இது நடந்தது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் கதை புரியாது. நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். எங்கள் காரில் ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் என் பக்கம் ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர் தடுமாறினால் நான் மிதித்துக்கொள்ளலாம். நான் கொஞ்சம் அதிகமாகவே மிதிப்பேன். ஓரமாக நிற்கும் பூனை குறுக்கே போகலாமா என்று யோசித்தாலே மிதித்துவிடுவேன். அதனால் எனக்கு ‘பிரேக் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதுபடவே சொல்வார்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் அடுத்த திருப்பத்திலும் மிதிப்பேன்.

அவள் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு உதவி டீச்சராக இருந்தாள். அந்த வகுப்பில் ஒரு குழந்தைக்கு விரல்கள் சரியாக மடங்காது, பென்சில் நழுவிக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாள் வந்து, பென்சிலைச் சுற்றி ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைச் சுருட்டி ஒட்டி, தொங்கிக்கொண்டிருந்த கால்களுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டுவிட்டுப் போனாராம். அன்று மத்தியானமே குழந்தை ஒரு வட்டம் போட்டுவிட்டதாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே பேச்சு. சோறு போட்டாள், குழம்பு ஊற்ற மறந்தாள்.

"அதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குதுங்க. ஆக்குபேஷனல் தெரபி. பக்கவாதம் வந்தவங்க, அடிபட்டவங்க, குழந்தைங்க, யாரா இருந்தாலும் குளிக்கிறது, சாப்பிடறது, சட்டை போடறது, எழுதறது, எல்லாத்தையும் அவங்களே செஞ்சுக்கிற மாதிரி பழக்கி விடறது. நான் அதைப் படிக்கப் போறேன்."

"எதை, ஸ்பாஞ்சு சுத்தறதையா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நிற்கப்போவதில்லை என்று. அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பெரியவன் சைக்கிளில் பள்ளிக்குப் போகிற வயசு. சின்னது, எங்கள் மகள், அப்போதுதான் நடை பழகியிருந்தாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒற்றைக்காலில் நின்றாள், காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டில் என் அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என் பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தாள், அந்த உயிரைக் காட்டுவதெல்லாம் திட்டுவதில்தான். "பிள்ளை ரெண்டு பெத்துட்டு இப்போ பையைத் தூக்கிட்டு காலேஜ் போறாளாம் மகாராணி" என்று படிக்கட்டு கேட்கும்படி சொல்வாள். சொல்லிவிட்டு, சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போவாள். அவள் வைத்துக்கொள்ளாவிட்டால் இவள் ஒருநாள்கூடப் படித்திருக்க முடியாது. இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

தெருவில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம், இது என்ன படிப்பு என்று. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்ல ஆக்குபேஷன் சம்பந்தமா படிக்கிறாங்களாமே. நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்களேன்" என்றார். நான் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சூடான பிளாஸ்டிக் வாசனை. கை வளைந்துபோனவர்களுக்கு மாட்டிவிடுகிற பட்டையை அவளே செய்து பழக வேண்டும். வெள்ளைத் தகடு ஒன்று, வெந்நீரில் போட்டால் மெத்தென்று ஆகிவிடும், அதை எடுத்துக் கையின்மேல் படியவைத்தால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். எங்கள் வீட்டில் அகலமான வாணலி ஒன்றுதான் இருந்தது. நான் வேலை முடிந்து பசியோடு வருவேன், அடுப்பில் வாணலி கொதிக்கும், ஆசையாக எட்டிப் பார்த்தால் உள்ளே தகடு மிதக்கும்.

"சாப்பாடு?"

"கையை நீட்டுங்க, அஞ்சு நிமிஷம்."

கையை நீட்டினால் அது இறுகுகிறவரை அசையக்கூடாது. சுடச்சுட என் முழங்கைக்குக் கீழே படிந்திருக்கும் அந்தத் தகட்டை அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்திருப்பாள், முகத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு. கல்யாணமான புதிதில்கூட அவள் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. பசி பாட்டுக்கு ஒருபக்கம் இருக்கும். இன்னும் ஒன்று செய்து பார்க்கிறேன் என்றால் அடுத்த கையையும் நீட்டுவேன்.

வீட்டில் எல்லோரும் நோயாளிகள்தான். பெரியவனின் முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று கோணம் அளப்பாள். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, "இப்போ உங்களுக்கு வலது பக்கம் வேலை செய்யல" என்பாள்.

"எப்பவும் செய்யறதில்லைன்னு எங்க அக்கா சொல்லுவாளே."

"வாயும் வேலை செய்யலைன்னு வெச்சுக்குங்க."

சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். பட்டனைக் கீழேயிருந்து தொடங்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும். இதெல்லாம் எனக்கு இன்றும் மனப்பாடம். கரண்டிக் காம்புகளுக்கெல்லாம் ஸ்பாஞ்சுக் குழாய் மாட்டிக் குண்டாக்கி வைத்திருந்தாள். மணிக்கட்டு எலும்புகளின் பெயரைச் சமைத்துக்கொண்டே ஒப்பிப்பாள், ஸ்கேபாய்டு, லூனேட் என்று. சின்னது அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் கயிறு தாண்டும்போது பாடும். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு எலும்பு எட்டும் அத்துப்படி.

இப்படியே கடைசி வருஷம் வந்தது. எழுத்துப் பரீட்சையில் எல்லாம் நல்ல மார்க். மிச்சம் இருந்தது செய்முறைப் பரீட்சை. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள், அவர் ஒரு காரியத்தைத் தானே செய்துமுடிக்க இவள் வழிநடத்த வேண்டும், மார்க் போடுகிற மேடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அவளுக்குக் கிடைத்தவர் ஒரு லாரி டிரைவர், பக்கவாதத்தில் வலது கை பலம் போனவர். காரியம், சட்டை போட்டுக்கொள்வது. கையை நுழைக்க வைத்தாள். கீழ்ப்பட்டனிலிருந்து தொடங்க வைத்தாள். அவர் இரண்டு பட்டனைப் போட்டுவிட்டார். மூன்றாவது காஜாவுக்குள் போகமாட்டேன் என்றது. மனுஷனுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது, உதடு நடுங்கியது. இவள் கை தானாகப் போய் அந்தப் பட்டனைப் போட்டுவிட்டது.

மேடம் பேனாவைக் கீழே வைத்தாராம். "சட்டையை அவர் போட்டுக்கிட்டாரா, நீங்க போட்டு விட்டீங்களா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான், அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு அரிசி களைந்தாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, சில மாதம் கழித்து. அதிலும் போனால் அந்த வருஷம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் தங்கி. பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. ஆக, அதிலும் போனால் படிப்பு போனதுதான். இத்தனை வருஷம் வாணலியில் கொதித்ததெல்லாம் வீண். எனக்கு அவளைவிடப் பயம். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, காட்டிக்கொள்ளாமல் இருக்க நான் பாடிய பாட்டில் அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

மறுநாள் காலையில் சின்னதை ஸ்கூலுக்குக் கிளப்பிக்கொண்டிருந்தாள். அது எப்போதும்போல வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. இவள் ஒரு கையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே மற்றக் கையால் சட்டைப் பட்டன்களைச் சரசரவென்று போட்டுக்கொண்டு வந்தாள். கடைசிப் பட்டனில் கை நின்றது. அப்போதுதான் அழுதாள்.

"பார்த்தீங்களா. இந்தக் கைதாங்க. பட்டனைப் பார்த்தா போயிடுது. என்னைக் கேட்கவே மாட்டேங்குது."

சின்னது தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அதுவும் அழுதது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்று சாயங்காலம் டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "உங்க பக்கம் ஒரு பிரேக் இருக்கில்ல. அதை மிதிக்காம எப்படிங்க உட்காந்திருப்பீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரே என்னை பிரேக் சார்ங்குது. என்கிட்ட வந்து கேட்கிறியே."

"இல்ல, சில நாளாவது மிதிக்காம இருந்திருப்பீங்க இல்ல. அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "காலை பிரேக் மேலயே வெச்சிருந்தா மிதிச்சிடுவேன். மிதிக்கக்கூடாதுன்னு நினைச்சா இன்னும் வேகமா மிதிப்பேன். காலி மைதானத்துல ஓட்டும்போது மட்டும் காலை இழுத்து சீட்டுக்கு அடியில சொருகிக்குவேன். அங்கேருந்து பிரேக்குக்கு வர கொஞ்ச நேரம் ஆகுமில்ல, அதுக்குள்ள ஓட்டறவன் அவனே சரி பண்ணிடுவான். முக்கால்வாசி நேரம்."

"மிச்ச கால்வாசி?"

"கத்துவேன்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தாள். எதிரே சின்னது, வயிற்றைத் தள்ளிக்கொண்டு.

"அம்மா, பட்டன்."

"நீ போடு கண்ணு. கீழேருந்து ஆரம்பி."

சின்னது சுற்றுமுற்றும் பார்த்தது, வேறு ஏதாவது கை கிடைக்குமா என்று. என்னிடம் வந்தது. நான் நீட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள், நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். ஆறு வயசாகிறது, ஒரு பட்டன்கூடப் போடத் தெரியாது அதற்கு. எப்படித் தெரியும், பிறந்ததிலிருந்து நாங்கள் மூன்று பேர் போட்டிபோட்டுப் போட்டுவிட்டால். அன்று ஒரே ஒரு பட்டன் போட்டது, அதுவும் தப்பான காஜாவில். அப்படியே அனுப்பினாள். தெருவே பார்த்தது.

ஒரு வாரத்தில் பிள்ளை பிரமாதமாக முன்னேறிவிட்டது. அரைகுறையாகப் போட்டுக்கொண்டு மாடியிறங்கும், கீழே போய்த் திரும்பிக் கையாட்டும்போது எல்லாப் பட்டனும் கச்சிதமாக இருக்கும். "படி இறங்கறதுக்குள்ள போட்டுடறா பாருங்க" என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. காலேஜில்கூடப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் ஒருநாள் மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கப் பின்னாலேயே இறங்கினால், படிக்கட்டுத் திருப்பத்தில் என் அக்கா முழங்காலில் உட்கார்ந்துகொண்டு பட்டன் போட்டுக்கொண்டிருக்கிறாள், பிள்ளை வாயில் ஒரு பிஸ்கட்டோடு.

கீழே சத்தம் கேட்டு நானும் இறங்கினேன். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பெத்தவ கையை ஒளிச்சு வெச்சுக்கிட்டு உட்காந்திருந்தா, அத்தை போடாம வேற யாரு போடுவா? ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கப் போறியாம், சொந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டன் போட மாட்டியாம்."

நான் நடுவில் போனால் இரண்டு பக்கமும் விழும் என்று படியிலேயே நின்றேன். இவள் பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "அண்ணி, அவ திண்டாடறதைப் பார்க்க உங்களுக்குத் தாங்கலை, இல்ல?" என்றாள். "எனக்கும்தான் அண்ணி. ராத்திரியெல்லாம் அதே நினைப்பாதான் இருக்கு. தனியா உட்கார முடியல. நாளைக்கு நீங்களும் மேல வந்து என்கூட உட்காருங்களேன்."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் வந்துவிட்டாள். வந்து கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "கொடுமைக்காரி" என்று மட்டும் முனகினாள். அன்றிலிருந்து தினமும் இரண்டு பேரும் அப்படித்தான். எதிரே சின்னது நாக்கைக் கடித்துக்கொண்டு பட்டனோடு போராடும்.

பரீட்சை நாள் வந்தது. சீக்கிரம் கிளம்ப வேண்டும், சின்னதைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவளை ஆஸ்பத்திரியில் விடுவதாக ஏற்பாடு. ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு மேலே வந்தேன். சின்னது பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து ஒழுங்காகத்தான் வந்தாள், நடுவில் ஒரு காஜாவைத் தாண்டிவிட்டாள். மேலே வந்து பார்த்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கழுத்துக்குப் பட்டன் இல்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "விடு, இன்னைக்கு ஒருநாள் நான் போட்டு விடறேன்" என்று ஓரடி வைத்தேன்.

சின்னது பின்னால் நகர்ந்தாள். "வேணாம். நானே போட்டுக்கிறேன்."

அந்த வார்த்தை அதன் வாயிலிருந்து அன்றுதான் முதல்முதலாக வந்தது. நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தாள். வேறு வழியில்லை. போய் உட்கார்ந்து என் கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் நான், நடுவில் அவள், அந்தப் பக்கம் அக்கா. சின்னது போட்ட பட்டனை எல்லாம் ஒன்றொன்றாகக் கழற்றியது. மறுபடி கீழேயிருந்து தொடங்கியது. அக்கா ஏதோ வேண்டுதல்போல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தாய் தன் பரீட்சைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தொடைக்கு அடியில் அவள் விரல்கள் மெத்தையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. பிள்ளை ஒவ்வொரு பட்டனைப் பிடிக்கும்போதும் இவள் விரலும் சேர்ந்து அசைந்தது.

"போட்டாச்சு" என்றது சின்னது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்தேன். இவள் எழுந்து வெள்ளைக் கோட்டை மாட்டினாள். பட்டனைப் பிடித்தால் பிடிபடவில்லை. அவ்வளவு நேரம் கைமேல் உட்கார்ந்ததில் இரண்டும் மரத்துப்போயிருந்தன. விரல்கள் பட்டன்மேல் வழுக்கிக்கொண்டே இருந்தன. மூன்றாவது தடவை பட்டன் நழுவியதும் சின்னதைப் பார்த்துச் சிரித்து, "கண்ணு, அம்மாவுக்குப் போட்டு விடேன்" என்றாள்.

சின்னது போய்க் கட்டிலில் ஏறி உட்கார்ந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டது.

"நீயே போடும்மா. கீழேருந்து ஆரம்பி."

அக்கா சிரித்த சிரிப்பில் தெருவில் நின்றவர்கள் மேலே பார்த்தார்கள். இவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே போட்டாள், மரத்த விரலால், கீழேயிருந்து ஒவ்வொன்றாக. போட்டு முடித்ததும் அவள் முகத்திலிருந்த பயம் போயிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்தப் பட்டன் வழுக்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தன் கையாலேயே பார்த்தாள் என்று பிற்பாடு சொன்னாள்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று என் மாணவர்களுக்குத் தெரிந்தால் என் மானம் போகும். பிரேக்கைத் தொடவே இல்லை. சின்னதைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் பேர் கூப்பிடும்போது போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். இந்தத் தடவை ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். காரியம் அதே சட்டைதான். மேடமும் அதே மேடம். இவள் அவரைக் கண்ணாடிக்கு எதிரே உட்காரவைத்து, வராத கையை முதலில் நுழைக்க வைத்து, கீழ்ப்பட்டனைக் காட்டிவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கைகள் தொடைக்கு அடியில். மேல் பட்டனுக்கு வரும்போது அவர் சலித்துப்போனார்.

"ஏம்மா, பார்த்துக்கிட்டே உட்காந்திருக்கியே. ஒரு கை கொடுக்கக் கூடாதா?"

"கொடுக்கலாம் ஐயா. கொடுத்தா நாளைக்குக் காலையில நான் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கணுமே."

"வந்தா காப்பி கொடுப்பேன்" என்றாராம்.

"அதுக்கு இந்தச் சட்டையோட நீங்களே வந்து கதவைத் திறங்க. பட்டனைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க."

அவர் முனகிக்கொண்டே சாய்த்துப் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது, மேடம் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். இவள் பார்க்கவில்லை. கடைசியில் அது போய் உட்கார்ந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு அந்த மனுஷன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாராம், ஒரு கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

மேடம் கடைசியாக ஒன்று கேட்டார். "கையை ஏன் அப்படி வெச்சிருந்தீங்க?"

"வெளியில விட்டா ஓடிடும் மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். அவள் பாஸ் என்று வெளியே காத்திருந்த எனக்குத் தெரிந்துவிட்டது, கதவைத் திறந்துகொண்டு வந்த நடையிலேயே. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். வந்த அழுகையைச் சொல்ல என்ன வெட்கம். அவள்தான் என்னைச் சமாதானம் செய்து பின்னால் உட்காரவைத்து, தானே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் நான் பின்னாலிருந்து காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன். "பிரேக்கை விடுங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமலேயே. அதிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. பெரியவன் நீச்சலுக்குப் போகிறேன் என்றபோதும், சின்னது தனியாகப் பஸ்ஸில் போகிறேன் என்றபோதும், நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் சொல்வார்கள்.

எல்லாம் போய்விட்டது. அந்த மாடிவீட்டைக் காலிசெய்து எவ்வளவோ காலமாகிறது. அக்கா இப்போது இல்லை. பெரியவன் வேறு ஊரில். அவள் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் சட்டை போடாமல் இருந்துவிட்டாள். குண்டுக் காம்புக் கரண்டி ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது, ஸ்பாஞ்சு கறுத்துப்போய். எனக்கு அதில் சாப்பிட்டால்தான் சாப்பாடு இறங்குகிறது. எங்காவது பிளாஸ்டிக் சூடாகிற வாசனை வந்தால் என் கை தானாக நீள்கிறது. பசித்த வயிற்றோடு அவளுக்குக் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்ற அந்தச் சாயங்காலங்களை இன்னொரு தடவை யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

போன வாரம் சின்னது வேலைக்குக் கிளம்பினாள், வேறு ஊரில். எங்கள் டிரைவிங் ஸ்கூலின் பழைய கார் ஒன்று என்னிடம் இருந்தது, என் பக்கத்துப் பிரேக்கோடு. அதில்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அதையே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். "அந்தப் பக்கத்து பிரேக்கைக் கழட்டிடச் சொல்லட்டுமா? இனிமே யாரு மிதிக்கப் போறா" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. பக்கத்துல நீங்க இருக்கிற மாதிரி இருக்கும்."

அவள் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தாள். அந்தக் கொக்கி எப்போதும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், எனக்கு அதன் சூட்சுமம் தெரியும். இழுத்தாள், மாட்டவில்லை. மறுபடி இழுத்தாள். நான் ஜன்னல்பக்கம் ஓரடி வைத்தேன், நின்றுகொண்டேன். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரி வாசலில் இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். உட்காரத்தான் இடமில்லையே, பாவம்.

கொக்கி மாட்டிய சத்தம் கேட்டது. சின்னது எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், எங்கள் கைகளைப் பார்த்தாள், சிரித்தாள். கார் கிளம்பியது. தெருமுனையில் ஒரு சைக்கிள் திரும்பியது. அவள் அழகாக வேகத்தைக் குறைத்து, அதற்கு வழிவிட்டு, மெதுவாக வளைந்து போனாள். கார் கண்ணுக்கு மறைந்தது.

என் வீட்டுக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் வலது கால் தெருப் புழுதியில் அழுந்திக்கிடந்தது. சைக்கிளைப் பார்த்தபோது மிதித்திருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"பிரேக்கை விடுங்க" என்றாள்.

எடுத்தேன்.